‘எண்பது சதவீதம்’ என்றால் ஜெயித்தே தீருவார் என்று அர்த்தமில்லை: விம்பிள்டன் பெண்கள் டென்னிஸை எப்படிக் கணிக்கிறார்கள்?

லண்டனில் 2025 ஜூலை 1 இரவு. இங்கே நள்ளிரவு தாண்டிவிட்டது. விம்பிள்டன் பெண்கள் பிரிவின் முதல் சுற்றில் கோகோ காஃப், டயானா யாஸ்ட்ரெம்ஸ்காவிடம் 6-7, 1-6 என்று தோற்று வெளியேறினார். அதற்குச் சில வாரங்களுக்கு முன்புதான், ஜூன் 7 அன்று, அதே காஃப் பிரெஞ்சு ஓபன் கோப்பையைத் தூக்கியிருந்தார். உடனே சித்தி பையனிடமிருந்து போன்.

“அக்கா, காஃப் அவுட்! எண்பது பர்சென்ட் ஜெயிப்பான்னு சொன்னியே?”

“எண்பதுன்னுதான்டா சொன்னேன், நூறுன்னு சொல்லலையே.”

“சும்மா சமாளிக்காத. லேடீஸ் டென்னிஸ்ல யாரு ஜெயிப்பான்னு எவனாலயும் சொல்ல முடியாது, விடு.”

ஒவ்வொரு ஜூலையிலும் இந்த இரண்டு பேச்சையும் நான் கேட்கிறேன். ஒன்று, “கணிப்பு பொய்த்துப்போச்சு.” இன்னொன்று, “பெண்கள் ஆட்டத்தில் நிலைத்தன்மையே கிடையாது.” இரண்டுமே தவறு. இரண்டாவது தவறு மட்டுமல்ல, ஆடுகிறவர்களுக்குச் செய்யும் அநியாயமும்கூட. அவனுக்குப் போனில் பாதி சொன்னேன். முழுதாகச் சொல்ல வேண்டியது இது.

பகடையில் ஒன்று விழுந்தால்

பரமபதம் ஆடுகிறீர்கள். பகடையை உருட்டப் போகிற நேரத்தில் பக்கத்தில் இருப்பவர், “ஒன்று விழாது” என்கிறார். ஆறு முகத்தில் ஐந்து முகம் அவர் பக்கம். கணக்குப்படி அவர் சொன்னது நடக்க 83 சதவீத வாய்ப்பு. உருட்டுகிறீர்கள், ஒன்று விழுகிறது. அவர் கணக்கில் பிழை உண்டா? இல்லை. ஆறு தடவை உருட்டினால் சுமார் ஒரு தடவை ஒன்று விழத்தான் செய்யும் என்பதும் அந்த 83க்குள்ளேயே இருக்கிறது.

இப்படி ஒரு நிகழ்வு நடக்க எவ்வளவு வாய்ப்பு என்பதை எண்ணாகச் சொல்வதற்கு நிகழ்தகவு என்று பெயர். டென்னிஸ் கணிப்பு என்பது நிகழ்தகவுதான், ஜோசியம் இல்லை.

அப்படியானால் கணிப்பவர் என்ன சொன்னாலும் தப்பித்துக்கொள்ளலாமே என்று கேட்பீர்கள். முடியாது. ஒரு ஆட்டத்தை வைத்து அவரைப் பிடிக்க முடியாது, நூறு ஆட்டத்தை வைத்துப் பிடிக்கலாம். அவர் “80 சதவீதம்” என்று சொன்ன ஆட்டங்களை மட்டும் தனியாக எடுங்கள். நூற்றில் ஏறத்தாழ எண்பதில் அவர் சொன்ன ஆள் ஜெயித்திருந்தால் நல்ல கணிப்பாளர். அறுபதுதான் என்றால் அளவுக்கு மீறிய நம்பிக்கை. தொண்ணூற்றைந்து என்றாலும் கோளாறுதான், அவர் தயங்கித் தயங்கிச் சொல்லியிருக்கிறார். சொன்ன எண்ணும் நடந்த எண்ணும் ஒத்துப்போகிறதா என்று பார்க்கும் இந்தச் சோதனைக்குக் காலிபரேஷன் என்று பெயர். தராசில் எடைக்கல் சரியா என்று பார்ப்பதைப் போல.

இதை விம்பிள்டன் மீது வைத்துப் பாருங்கள். பெண்கள் ஒற்றையரில் 128 பேர், முதல் சுற்றில் 64 ஆட்டங்கள். எல்லா ஆட்டத்திலும் பலசாலிக்குச் சரியாக 80 சதவீதம் வாய்ப்பு என்று வைத்துக்கொண்டால், 64இல் ஐந்தில் ஒரு பங்கு, அதாவது 13 பலசாலிகள் முதல் சுற்றிலேயே வீட்டுக்குப் போவார்கள். கணிப்பு அச்சுப் பிசகாமல் சரியாக இருந்தால்தான் இந்தப் பதின்மூன்று. மறுநாள் பேப்பரில் ‘அதிர்ச்சி’ என்று வரும் செய்திகளில் பாதி இந்தக் கணக்குக்குள் ஏற்கனவே எழுதப்பட்டவை.

ரேங்க் வேறு, ரேட்டிங் வேறு

சரி, அந்த 80 எங்கிருந்து வருகிறது? பலரும் நினைப்பது, “ரேங்கைப் பார்த்துச் சொல்கிறார்கள்” என்று. இங்கேதான் முதல் குழப்பம்.

பெண்கள் டென்னிஸ் சங்கமான டபிள்யூடிஏ வெளியிடும் தரவரிசை, கடந்த 52 வாரங்களில் ஒருவர் சேர்த்த புள்ளிகளின் பட்டியல். கிராண்ட் ஸ்லாம் என்கிற நான்கு பெரிய தொடர்களில் ஒன்றை வென்றால் 2,000 புள்ளி, இறுதியில் தோற்றால் 1,300. பள்ளிக்கூட மார்க் ஷீட் மாதிரி. வருடம் முழுக்க என்ன வாங்கினீர்கள் என்று சொல்லும், நாளைக்கு எழுதப்போகும் கணக்குப் பரீட்சையைப் பற்றி எதுவும் சொல்லாது.

இதற்கு 2022ஐவிட நல்ல சாட்சி கிடைக்காது. ரஷ்யா, பெலாரஸ் வீரர்களை அந்த ஆண்டு விம்பிள்டன் அனுமதிக்கவில்லை. அதற்குப் பதிலாக அந்தத் தொடருக்குப் புள்ளியே கிடையாது என்று டபிள்யூடிஏ அறிவித்தது. எலெனா ரிபாகினா கோப்பையை வென்றார், ஒரு புள்ளிகூட ஏறவில்லை, தரவரிசையில் 23ஆம் இடத்திலேயே இருந்தார். உலகத்திலேயே கடினமான ஒரு தொடரை அப்போதுதான் வென்ற பெண், காகிதத்தில் நேற்று இருந்த இடத்திலேயே!

கணிப்பவர்கள் பெரும்பாலும் பார்ப்பது ரேட்டிங்கை. செஸ் ஆடும் பிள்ளை இருக்கிற வீட்டில் இந்தச் சொல் தினமும் புழங்கும். ஹங்கேரியில் பிறந்து அமெரிக்காவில் இயற்பியல் பேராசிரியராக இருந்த ஆர்பாட் ஈலோ செஸ்ஸுக்காக உருவாக்கிய முறை இது. உலகச் செஸ் கூட்டமைப்பு 1970இல் ஏற்றுக்கொண்டது. இப்போது டென்னிஸுக்கும் அதே கணக்கைப் போடுகிறார்கள்.

தெருமுனை கேரம் போர்டை நினைத்துக்கொள்ளுங்கள். ஏரியாவிலேயே கெட்டிக்கார ஆட்டக்காரரைப் புதிதாக வந்த பையன் ஜெயித்தால் அவன் மதிப்பு ஒரே நாளில் ஏறிவிடும். நேற்றுக் கற்றுக்கொண்ட சின்னப் பிள்ளையை ஜெயித்தால் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். ஈலோ ரேட்டிங் இதைத்தான் எண்ணில் செய்கிறது. எந்தத் தொடர், எந்தச் சுற்று என்பது முக்கியமில்லை, யாரை ஜெயித்தாய் என்பதுதான் கேள்வி. எதிர்பார்த்த வெற்றிக்குக் கொஞ்சம், எதிர்பாராத வெற்றிக்கு நிறைய. ஜெயித்தவருக்கு ஏறுவது தோற்றவரிடமிருந்து இறங்கும்.

இருவர் ரேட்டிங்குக்கும் உள்ள இடைவெளி அப்படியே நிகழ்தகவாக மாறிவிடும். இடைவெளி இல்லையென்றால் 50-50. நூறு புள்ளி இடைவெளிக்கு 64 சதவீதம். இருநூறுக்கு 76. நானூறுக்கு 91. ஆயிரம் புள்ளி மேலே இருந்தாலும் முழு நூறு வராது, அந்தச் சூத்திரத்தின் அமைப்பே அப்படி.

இதுவரை பார்த்தது இவ்வளவுதான்: தரவரிசை கடந்த காலச் சம்பாத்தியம். ரேட்டிங் இன்றைய பலத்தின் மதிப்பீடு. அந்த மதிப்பீட்டின் வித்தியாசம்தான் சதவீதமாக நம் காதுக்கு வருகிறது.

புல் என்கிற தனி உலகம்

காஃபுக்கு நான் சொன்ன 80 கொஞ்சம் கூடுதல்தான். ஏன் என்று சொல்கிறேன்.

பிரெஞ்சு ஓபன் நடப்பது செம்மண் தரையில். பந்து மெதுவாக, உயரமாக எழும்பும், ஓடிப்பிடிக்க நேரம் கிடைக்கும். விம்பிள்டன் புல்தரை. பந்து தாழ்வாகச் சறுக்கிக்கொண்டு வரும், யோசிக்க நேரம் இருக்காது. இரண்டுக்கும் நடுவே மூன்றே வாரம். பாரிஸில் ஜெயித்தபின் காஃப் புல்லில் ஆடிய ஒரே ஆட்டம் பெர்லினில், அதிலும் வாங் ஷின்யூவிடம் தோல்வி. எதிரே யாஸ்ட்ரெம்ஸ்கா அதே ஜூனில் நாட்டிங்ஹாம் புல்தரைத் தொடரில் இறுதி வரை போயிருந்தார். பந்தைத் தட்டையாக, வேகமாக அடிப்பவர். புல்லுக்கென்றே பிறந்த அடி. ஆட்டத்தைப் பார்த்தவர்களுக்கு ஞாபகம் இருக்கும், காஃப் ஒன்பது டபுள் ஃபால்ட் போட்டார். பாயிண்டைத் தொடங்க அடிக்கும் சர்வீஸுக்குக் கிடைக்கிற இரண்டு வாய்ப்பையும் கோட்டைவிட்டு, எதிராளிக்கு இலவசமாகக் கொடுத்த ஒன்பது பாயிண்ட்கள் அவை.

அதனால் நல்ல கணிப்பாளர் ஒரு ஆளுக்கு ஒரே ரேட்டிங் வைப்பதில்லை. பொதுவாக ஒன்று, தரைக்குத் தரை ஒன்று என்று வைத்து இரண்டையும் கலப்பார்கள். சிக்கல் என்னவென்றால் புல்தரைப் பருவம் வருடத்தில் சில வாரங்கள்தான். ஒருவர் வருடத்துக்கு ஐந்தாறு ஆட்டம்தான் புல்லில் ஆடியிருப்பார். அவ்வளவு கொஞ்சத் தகவலை வைத்து உறுதியாக எதுவும் சொல்ல முடியாது.

இகா ஸ்வியாடெக்கைப் பாருங்கள். 2022இல் தொடர்ச்சியாக 35 ஆட்டங்களை ஜெயித்துவிட்டு விம்பிள்டனுக்கு வந்தவர், மூன்றாவது சுற்றில் அலிசே கோர்னேயிடம் தோற்றார். 2024இலும் மூன்றாவது சுற்றுதான். “புல்லில் இவருக்கு வராது” என்று எல்லோரும் எழுதினோம். 2025இல் சாம்பியன். நாலைந்து வருட புல்தரை ஆட்டங்களை வைத்து ஒருவரின் தலையெழுத்தை எழுதிவிட்டோம், தப்பு நம்முடையது.

ஒரு பாயிண்டிலிருந்து ஒரு ஆட்டம் வரை

எனக்குப் பிடித்த பகுதி இது. பெண்கள் டென்னிஸைப் பற்றிய தப்பான பேச்சு எங்கே பிறக்கிறது என்பதும் இங்கேதான் தெரியும்.

டென்னிஸில் பாயிண்ட்கள் சேர்ந்து கேம், கேம்கள் சேர்ந்து செட், செட்கள் சேர்ந்து ஆட்டம். கிரிக்கெட்டில் மொத்த ரன்னை எண்ணுவது போல் இங்கே மொத்தப் பாயிண்டை எண்ணுவதில்லை. ஒவ்வொரு கேம் முடிந்ததும் கணக்கு அழிந்து மறுபடி பூஜ்யத்திலிருந்து தொடங்கும். அதனால்தான் 2019 விம்பிள்டன் ஆண்கள் இறுதியில் ஃபெடரர் 218 பாயிண்ட் எடுத்தும், 204 எடுத்த ஜோகோவிச்சிடம் தோற்றார்.

இந்த அடுக்கு அமைப்பு ஒரு வினோதம் செய்கிறது. சின்ன வித்தியாசத்தை ஒவ்வொரு படியிலும் பெரிதாக்குகிறது. கணக்கு எளிதாக இருக்க, யார் சர்வீஸ் போடுகிறார் என்பதால் வரும் வித்தியாசத்தை விட்டுவிடுவோம். ஒருவர் ஒவ்வொரு பாயிண்டையும் ஜெயிக்க 55 சதவீத வாய்ப்பு என்று வையுங்கள். நூறில் ஐம்பத்தைந்து, பார்க்கிற கண்ணுக்கு இருவரும் சமமாக ஆடுவதாகவே தெரியும். ஆனால் அவர் ஒரு கேமை ஜெயிக்கும் வாய்ப்பு 62 சதவீதம். ஒரு செட்டை ஜெயிக்க 81. மூன்று செட் ஆட்டத்தை ஜெயிக்க 91. அதே கணக்கில் பாயிண்ட் வாய்ப்பு 51 என்றால் ஆட்டத்தை ஜெயிக்கும் வாய்ப்பு 61க்குப் பக்கத்தில் நிற்கும். நூறு பாயிண்டில் வெறும் நாலு பாயிண்ட் வித்தியாசம், 61ஐ 91 ஆக்கிவிடுகிறது.

இதைத் திருப்பிப் போட்டுப் பாருங்கள். காலையில் கொஞ்சம் தோள்பட்டை பிடித்திருக்கிறது, காற்று ஒரு பக்கமாக வீசுகிறது, முதல் சர்வீஸ் சரியாக விழவில்லை. இதனால் நூறு பாயிண்டில் நாலு பாயிண்ட் போய்விட்டால், 91 சதவீதப் பலசாலி கிட்டத்தட்ட நாணயம் சுண்டுகிற நிலைக்கு வந்துவிடுகிறார். அந்த நாலு பாயிண்ட் டிவியில் பார்க்கிறவர்கள் கண்ணில் படவே படாது. முடிவு மட்டும் படும், “கவனமில்லாம ஆடினா” என்று சொல்லிவிட்டுப் போய்விடுவோம்.

இப்போது முக்கியமான இடம். கிராண்ட் ஸ்லாமில் ஆண்கள் ஐந்து செட் ஆடுகிறார்கள், மூன்று ஜெயித்தால் வெற்றி. பெண்கள் மூன்று செட், இரண்டு ஜெயித்தால் வெற்றி. படி அதிகமானால் பலசாலிக்கு லாபம், ஏனென்றால் ஒரு மோசமான அரைமணி நேரத்தைச் சரிக்கட்ட அவருக்கு நேரம் கிடைக்கிறது. ஒரு செட்டை ஜெயிக்க 75 சதவீத வாய்ப்புள்ள ஒரே ஆளை எடுத்துக்கொள்வோம். மூன்று செட் ஆட்டத்தில் அவர் ஜெயிக்க 84 சதவீதம். ஐந்து செட் ஆட்டத்தில் 90. ஏழு சுற்று இப்படியே ஜெயித்துக் கோப்பையைத் தொட, மூன்று செட் முறையில் 30 சதவீதம், ஐந்து செட் முறையில் 47. ஆள் ஒன்று, திறமை ஒன்று, விதி மட்டும் வேறு.

ஆண்கள் நிலையானவர்கள், பெண்கள் நிலையில்லாதவர்கள் என்று நாம் ரொம்ப காலமாகச் சொல்லிக்கொண்டிருப்பதில் ஒரு பெரிய பங்கு இந்த விதியைச் சேர்ந்தது. பெண்களுக்கு ஐந்து செட் ஆடத் தெம்பில்லை என்பதும் இல்லை. 1984 முதல் 1998 வரை டபிள்யூடிஏ ஆண்டு இறுதித் தொடரின் இறுதி ஆட்டம் ஐந்து செட்டாகத்தான் நடந்தது.

மூன்று செட் என்றாலே யார் வேண்டுமானாலும் ஜெயிக்கலாம் என்றும் நினைத்துவிட வேண்டாம். அதே மூன்று செட்டில்தான் மார்ட்டினா நவ்ரத்திலோவா 1982 முதல் 1987 வரை ஆறு விம்பிள்டனைத் தொடர்ச்சியாக வென்றார். மற்றவர்களுக்கும் அவருக்கும் இருந்த தூரம் அப்படி. அந்தத் தூரம் குறையும்போது விதியின் வேலை வெளியே தெரியும். 2017 முதல் 2025 வரை, போட்டி நடக்காத 2020ஐ விட்டால், எட்டு விம்பிள்டனில் எட்டு வெவ்வேறு பெண்கள் ஜெயித்தார்கள். அதே காலத்தில் பாரிஸ் செம்மண்ணில் ஸ்வியாடெக் மட்டும் நாலு தடவை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். 2025 விம்பிள்டன் முதல் சுற்றில் சீட் பெற்ற பெண்கள் 32 பேரில் 10 பேர் தோற்றார்கள். சீட் என்பது பலசாலிகள் ஆரம்பத்திலேயே மோதிக்கொள்ளாமல் இருக்க, பட்டியலில் அவர்களைப் பிரித்து உட்கார வைக்கும் வரிசை எண். “லேடீஸ் டென்னிஸ் இப்படித்தான்” என்று பேசினார்கள். அதே சுற்றில் சீட் பெற்ற ஆண்கள் 13 பேர் தோற்றார்கள், ஐந்து செட் ஆடியும். ஆண்களைப் பற்றி அப்படி யாரும் பேசி நான் கேட்கவில்லை.

சுருக்கமாக: அடுக்கு அமைப்பு சின்ன வித்தியாசத்தைப் பெரிதாக்கும், படி குறைந்தால் அந்தப் பெரிதாக்கலும் குறையும்.

ஏழு தடவை தாண்டணும்

ஒரு ஆட்டத்தைக் கணிப்பதும் கோப்பையைக் கணிப்பதும் வேறு வேறு. ஏழு ஆட்டம் ஜெயிக்க வேண்டும், நடுவே ஒன்றுகூடத் தவறக் கூடாது. ஒவ்வொன்றிலும் 80 சதவீதம் என்றால் ஏழையும் தாண்ட 21 சதவீதம்தான். நூறு தொடரில் எழுபத்தொன்பதில் அவர் தோற்பார், அப்படியிருந்தும் மற்ற எவரையும்விட அவருக்கே வாய்ப்பு அதிகம் என்பதால் அவர்தான் ‘ஃபேவரிட்’. இந்தச் சொல்லை நாம் ‘ஜெயிக்கப் போகிறவர்’ என்று மொழிபெயர்த்துக்கொள்வதுதான் பாதிச் சண்டைக்குக் காரணம்.

யார் யாரோடு எந்தச் சுற்றில் மோதுவார்கள் என்பதும் சேரும்போது கையால் கணக்குப் போட முடியாது. அதனால் கணினியில் தொடரையே ஆடிப் பார்க்கிறார்கள். 127 ஆட்டங்களுக்கும் நிகழ்தகவுக்கு ஏற்றபடி பகடை உருட்டி ஒரு சாம்பியனைக் கண்டுபிடிப்பது, பிறகு முதலிலிருந்து இன்னொரு தடவை, இப்படிப் பத்தாயிரம் தடவை. இதற்குச் சிமுலேஷன் என்று பெயர். பத்தாயிரத்தில் 2,100 தடவை ஒருவர் வென்றால் அவர் வாய்ப்பு 21 சதவீதம். டிவியில் காட்டும் கோப்பை வாய்ப்பு எண்கள் பல இப்படி வருபவைதான்.

இந்தப் பார்வையில் 2021 அமெரிக்க ஓபன் இன்னும் பெரிதாகத் தெரியும். உலகத் தரவரிசையில் 150ஆம் இடத்திலிருந்த எம்மா ராடுகானு, தகுதிச் சுற்று மூன்றையும் சேர்த்துப் பத்து ஆட்டம் ஜெயித்தார், ஒரு செட்கூட இழக்காமல். பத்தாயிரம் தடவை ஓட்டினால் ஓரிரண்டு தடவை வந்திருக்கலாம். நடந்தது அந்த ஓரிரண்டில் ஒன்று.

ஒரு சோறு எப்போது பதம்?

“இவங்க ரெண்டு பேரும் மோதினா இவதான் ஜெயிப்பா, போன தடவையும் அப்படித்தான்” என்பது எல்லோரும் சொல்கிற இன்னொரு வாதம். ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது உண்மைதான். ஆனால் ஒரே உலையில், ஒரே நேரம் வெந்த சோறு அது. போன வருடம் துபாயில் சிமெண்ட் தரையில் நடந்த ஆட்டம் வேறு பானை.

2025 ஜூன் 28, சனிக்கிழமை. பாட் ஹோம்பர்க் புல்தரைத் தொடரின் இறுதியில் ஜெசிகா பெகுலா, ஸ்வியாடெக்கை நேர் செட்களில் ஜெயித்தார். மூன்றாம் நாள் செவ்வாய்க்கிழமை, விம்பிள்டனில் மூன்றாம் சீட் பெற்ற அதே பெகுலா, முதல் நூறுக்குள்கூட இல்லாத எலிசபெட்டா கோச்சியாரெட்டோவிடம் 2-6, 3-6 என்று தோற்றார். இரண்டு வாரம் கழித்து ஸ்வியாடெக் கையில் கோப்பை. சனிக்கிழமை ஆட்டத்தைப் பதம் பார்த்தவர் இருவர் விஷயத்திலும் ஏமாந்திருப்பார்.

விதிவிலக்கும் உண்டு. யெலேனா ஆஸ்டபென்கோ 2025 ஏப்ரல் வரை ஸ்வியாடெக்கோடு ஆறு தடவை மோதி ஆறையும் ஜெயித்திருந்தார். ரேட்டிங் கணக்குப்படி அது நடக்க வாய்ப்பு மிகமிகக் குறைவு. பந்து எழும்பும்போதே முரட்டுத்தனமாக அடித்து நேரத்தைப் பறிக்கும் அவர் பாணி ஸ்வியாடெக்குக்கு ஒத்துவரவில்லை. நேருக்கு நேர் கணக்கு சில ஜோடிகளுக்கு உண்மையிலேயே எதையோ சொல்கிறது. பெரும்பாலான ஜோடிகளுக்கு இரண்டு மூன்று ஆட்டம்தான் இருக்கும், அதற்கு மேல் அதில் படிக்க ஒன்றுமில்லை.

ஜூலை 12, இறுதி ஆட்டம். ஸ்வியாடெக், அமண்டா அனிசிமோவா. மத்தியானமே சித்தி பையன் போன் பண்ணிவிட்டான். “இன்னைக்கு எவ்வளவு அக்கா?” நான் ஸ்வியாடெக்குக்கு 70 சொன்னேன். அரையிறுதியில் முதல் சீட் சபலென்காவை ஜெயித்துவிட்டு வந்த பெண் அனிசிமோவா, அதற்கு மேல் கொடுக்க மனம் வரவில்லை.

57 நிமிடத்தில் 6-0, 6-0. விம்பிள்டன் பெண்கள் இறுதியில் இப்படி ஒரு ஸ்கோர் 1911க்குப் பிறகு இப்போதுதான்.

“அக்கா, கரெக்டா சொல்லிட்டியே!”

“எழுபதுன்னுதான்டா சொன்னேன்.”

கொஞ்ச நேரம் சத்தமில்லை. பிறகு, “அப்போ இதையும் நோட்டுல எழுதி வெச்சுக்கறேன், இன்னும் தொண்ணூத்தொன்பது ஆட்டம் இருக்கு” என்றான்.